மலை மண்டலத்தில் முதலிடம்

“எங்க காலேஜைத் தூக்கி மலைமேல வச்சுட்டாகக்கா.”

கம்பம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். வெவ்வேறு சமுதாயக் கல்லூரிகளில் அலுவலக வேலை. சொன்னவள் இளையவள்.

“என்னடி சொல்ற?”

“புள்ளிவிவரத்துக்காகக் காலேஜுகளை மண்டலமாப் பிரிச்சாகள்ல? இன்னிக்குத்தேன் பட்டியல் வந்துச்சு. பக்கத்துல மலை இருக்கான்னு படிவத்துல கேட்டிருந்தாக. சன்னலைத் தெறந்தா மலைதேன? ஆமான்னு போட்டேன்.”

“நானும் அப்படித்தேன் போட்டேன். திருத்தச் சொல்லலையா?”

“எதுக்கு? மதுரையோட சேத்திருந்தப்ப தேர்ச்சியில வருசா வருசம் கடைசிக்கு முந்தின எடம். இப்ப மலை மண்டலத்துல நாங்கதேன் முதல்.”

“மொத்தம் எத்தனை காலேஜு?”

“ரெண்டு. இன்னொண்ணு ஒங்களுது.”

மூத்தவள் வெளியே மலையைப் பார்த்தாள்.

“அப்ப நாங்க ரெண்டாவது. பிரின்சிபால் சந்தோசப்படுவாக.”