மூன்றாம் மெழுகுவர்த்திக்கு ஓர் ஏழை

அக்கா: அவளும் மாட்டேன்னுட்டாடி.

தங்கை: யாரு... டிரைவர் பொண்டாட்டியா?

அக்கா: அவளேதான். புருஷன் போய் வருஷம் திரும்பல. மூணு புள்ளைங்க. வீட்டுக்கூரை ஒழுகுது. இதைவிட லட்சணமான ஏழைக்கு நான் எங்க போவேன், சொல்லு? வாசல்ல நின்னு கெஞ்சாத குறை.

தங்கை: என்னதான் சொன்னா?

அக்கா: "பெட்டியெல்லாம் பின்வாசல்ல வச்சிட்டுப் போங்கம்மா, நல்லா இருப்பீங்க"ங்கிறா.

தங்கை: வச்சிட்டு வர வேண்டியதுதானே.

அக்கா: பின்வாசல்ல யாருடி போட்டோ எடுக்குறது?

தங்கை: ஓ... அதை மறந்துட்டேன். அந்தக் கத்தரியை இப்படித் தள்ளு. இந்தப் பீடத்துணிக்கு ஓரம் அடிச்சு முடிக்கலன்னா நாளைக்கு மெழுகுவத்தி வெறும் மேசையில எரியும்.

அக்கா: ஊதாத் துணி போன வருஷத்துதானே?

தங்கை: எலி வேற கடிச்சிருக்கு. சபையில யாருக்கும் தெரியாம ஒட்டுப் போட்டுக்கிட்டிருக்கேன். ஆமா, கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறுல முதல் ஞாயிறு மெழுகுவத்தி நம்பிக்கைக்கு, ரெண்டாவது சமாதானத்துக்கு. நாளைக்கு ஏத்துற மூணாவது எதுக்குக்கா?

அக்கா: சந்தோஷத்துக்கு.

தங்கை: மரக்கடைக்காரருக்குன்னுல்ல நினைச்சேன். ஏத்தப்போறது அவருதானாமே?

அக்கா: வாயை மூடு, சபைக் கூடத்துச் சுவருக்கும் காது உண்டு. அவருதான் கமிட்டியில தீர்மானம் கொண்டுவந்தாரு. "கிறிஸ்மஸுக்கு முன்னாடி வருஷா வருஷம் கொடுக்குறோம். ஆனா கொடுக்குறது யாரு கண்ணுக்கும் தெரியல. கண்ணுல பட்டாத்தான் மத்தவங்களுக்கும் கொடுக்கத் தோணும்"னாரு.

தங்கை: ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னாங்க. இவரு அறிவிச்சுப் போடச் சொல்றாரு.

அக்கா: அதனால நாளைக்கு ஆராதனையில ஒரு ஏழைக் குடும்பம் பீடத்துக்கு முன்னாடி வந்து நிக்கணும். பெண்கள் சங்கத் தலைவிங்கிற முறையில நான் பெட்டியை எடுத்துக் கொடுக்கணும். அவரு பக்கத்துல நிப்பாரு. ஒரு பாட்டு, ஒரு போட்டோ. அவ்வளவுதான்.

தங்கை: ஏன்க்கா, நாம லூத்தரன் சபைதானே?

அக்கா: அதுல என்னடி சந்தேகம்?

தங்கை: இல்ல... நல்ல காரியம் செஞ்சு மோட்சம் வாங்க முடியாது, எல்லாம் கிருபைதான்னு சின்ன வயசுல வகுப்பெடுத்தாங்களே...

அக்கா: மோட்சம்தான் வாங்க முடியாது. சபைப் பத்திரிகையில அரைப்பக்கம் வாங்கலாம்ல.

தங்கை: அதுவும் சரிதான். இந்தப் போர்வை யாரு கொடுத்தது? ஒரு பக்கம் கம்பளி, மறுபக்கம் ஜன்னல்.

அக்கா: மருந்துக்கடை வீட்டுல. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே.

தங்கை: பல் டாக்டர் என்ன கொடுத்திருக்காரு?

அக்கா: மிட்டாய். நாலு டப்பா.

தங்கை: விதை போடுறாரு, அடுத்த வருஷம் அறுத்துக்குவாரு.

அக்கா: சிரிக்காத! பொழுது விடிஞ்சா ஆராதனை. கையில ஒரு ஏழை இல்ல. போதகரைக் கேட்டா, "கவலைப்படாதீங்கம்மா, கர்த்தர் பார்த்துக்குவார்"ங்கிறாரு. கர்த்தரா வந்து போட்டோவுக்கு நிப்பாரு?

தங்கை: அந்தப் பெயிண்டரைக் கேட்டியா?

அக்கா: அவரு வரத் தயார். மரக்கடைக்காரர் ஒத்துக்கல. "சபையோட அரிசி சாராயக் கடைக்குப் போகும்"னுட்டாரு.

தங்கை: அவரு குடிச்சாலும் யார்கிட்டயும் கை நீட்டாத மனுஷன்.

அக்கா: இப்ப நீட்டுறேன்னுதானே சொல்றாரு, அதுவும் நடுங்குது. பெட்டி கீழ விழுந்தா?

தங்கை: சரி, பள்ளிக்கூட வாட்ச்மேன்?

அக்கா: தொப்பை.

தங்கை: என்னது?

அக்கா: தொப்பைடி! அவரு வந்து நின்னா, நாம அவர்கிட்ட வாங்குற மாதிரி இருக்குமாம்.

தங்கை: ஓஹோ. ஏழையாவும் இருக்கணும், இளைச்சும் இருக்கணும்.

அக்கா: இளைச்சு இருக்கணும், ஆனா அழுக்கா இருக்கக்கூடாது. கண்ணு கலங்கணும், ஓன்னு அழக்கூடாது. நன்றி சொல்லணும், பிரசங்கம் பண்ணக்கூடாது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு, "நாலு வார்த்தை பேசுவேன்"னாரு. அவரு நாலு வார்த்தையை ஆரம்பிச்சா நாலாவது மெழுகுவத்தியும் எரிஞ்சு முடிஞ்சிடும்.

தங்கை: பொண்ணு பார்க்கப் போனவங்ககூட இத்தனை நொட்டம் சொல்ல மாட்டாங்க.

அக்கா: ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?

தங்கை: கோவிச்சுக்குவேன். சொல்லு.

அக்கா: நீ... நில்லேன்.

தங்கை: எங்க?

அக்கா: நாளைக்கு. முன்னாடி.

தங்கை: பீடத்துணியைப் பிடிச்சுக்கிட்டா?

அக்கா: விளையாடாதடி. உன் வீட்டுக்காரருக்கு ஒர்க்‌ஷாப் வேலை போனதிலிருந்து நீ மெஷினை மிதிச்சு மிதிச்சுத்தானே குடும்பத்தை ஓட்டுற. இந்த அரிசி, எண்ணெய், கோதுமை... தை மாசம் வரைக்கும் கவலை இல்ல. சும்மா ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம். நீ ஒண்ணும் பேச வேணாம்...

தங்கை: போதும்.

அக்கா: பேருக்குத்தான்டி...

தங்கை: போதும்னேன். சின்னதுல உன் பழைய கவுனைப் போட்டேன். உன் பழைய செருப்பைப் போட்டேன், முன்னாடி பஞ்சு அடைச்சு. உன் பழைய பரீட்சைப் பேனாவுல எழுதினேன். ஒரு நாள் முகம் சுளிச்சிருக்கேனா?

அக்கா: இல்ல...

தங்கை: ஊரு என்னை ஏழைன்னு சொல்லட்டும், அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். நீ சொல்லாத. தேடித் தேடி அலைஞ்சு, பெயிண்டர் ஆகல, வாட்ச்மேன் ஆகலன்னதும் கண்ணுக்கு நான் தெரிஞ்சேனா? எனக்குத் தொப்பை இல்லங்கிறதாலயா?

அக்கா: மெதுவாப் பேசுடி, யாரோ வர்றாங்க...

மரக்கடைக்காரர்: என்ன தலைவியம்மா, குடும்பம் ரெடியா?

அக்கா: ஆயிடும்ணே. பேசிக்கிட்டிருக்கேன்.

மரக்கடைக்காரர்: ரெடின்னா ரெடின்னு சொல்லுங்க. போட்டோக்காரருக்குச் சொல்லியாச்சு. இதென்ன, என் பேரு ஒட்டின எண்ணெய் டின் அடியில கிடக்கு?

தங்கை: கனமானதை அடியில வச்சோம்ணே.

மரக்கடைக்காரர்: கனமானதுதான்மா மேல இருக்கணும். அப்பத்தானே தெரியும்.

தங்கை: வாங்குறவங்க தலையில விழுந்துடப் போகுது.

மரக்கடைக்காரர்: அவங்களைக் கெட்டியாப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. ஆமா... மெத்தைக்கடை பேர்ல ஒரு பெட்டியையும் காணோமே? வருஷா வருஷம் உங்க வீட்டுக்காரர் கொடுக்குறதுதானே முதல்ல வரும்?

அக்கா: வருதுண்ணே. காலையில... காலையில எங்க வண்டியிலயே ஏத்தி அனுப்புறேன்னாரு.

மரக்கடைக்காரர்: போன தடவை ரெண்டு மெத்தை. இந்தத் தடவை?

அக்கா: அதுக்குக் குறையாம...

மரக்கடைக்காரர்: அதானே! பரம்பரைக் கை குறையுமா? மெத்தையை முன்னாடி நிமிர்த்தி வச்சா போட்டோவுல எடுப்பா இருக்கும். சரி, வரேன். அந்த டின்னை மேல ஏத்திடுங்க.

தங்கை: ஏத்திடுறோம்ணே.

அக்கா: போயிட்டாரா?

தங்கை: போயிட்டாரு. மூச்சு விடு.

அக்கா: நூல் தீர்ந்துடுச்சா? அந்தப் பெட்டியில...

தங்கை: எந்த வண்டியிலக்கா வரும்?

அக்கா: எது?

தங்கை: மெத்தை.

அக்கா: எங்க வண்டியிலதான். வேற எதுல...

தங்கை: நேத்து எங்க தெருவுக்கு வந்துச்சு அந்த வண்டி. காய்கறி வித்துக்கிட்டு. பக்கவாட்டுல "மெத்தை"ன்னு எழுதினதை அழிச்சிருக்காங்க, சரியா அழியல. அதுக்கு மேலயே "தக்காளி"ன்னு எழுதியிருந்துச்சு.

அக்கா: வாடகைக்கு விட்டிருப்பாரு...

தங்கை: ஓட்டுறவரையே கேட்டேன். "வாங்கிட்டேம்மா"ன்னாரு.

அக்கா: தூசி. இந்தக் கம்பளித் தூசி... கண்ணுல...

தங்கை: கம்பளியில அரைவாசி ஓட்டை, தூசி எங்க வந்துச்சு? இப்படி உக்காரு. பெட்டி மேல உக்காந்தாலும் பரவாயில்ல, பல் டாக்டர் பெட்டிதான்.

அக்கா: கடை போச்சுடி.

தங்கை: எப்ப?

அக்கா: மழைக்காலம் ஆரம்பிக்கிறப்பவே. ஊருக்குள்ள அந்தப் பெரிய கடை வந்துச்சுல்ல, வீட்டுக்கே கொண்டுவந்து போடுறாங்க. ஒவ்வொண்ணா வித்து... கடைசியா வண்டி. உங்க அத்தான் தினமும் காலையில குளிச்சு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுறாரு.

தங்கை: எங்க?

அக்கா: கடைக்குத்தான். உள்ள போயி ஷட்டரை இறக்கிட்டு ஒத்தை நாற்காலியில உக்காந்திருக்காரு. படுக்க ஒரு மெத்தைகூட இல்ல அங்க. சாயங்காலம் வந்து, "இன்னைக்கு வியாபாரம் பரவாயில்ல"ங்கிறாரு. புள்ளைங்க காதுல விழணும்ல. நானும் "அப்படியா"ங்கிறேன்.

தங்கை: அவருக்கு... உனக்குத் தெரியும்னு தெரியுமா?

அக்கா: தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியும்னும் எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் வாயைத் திறக்கிறதில்ல. திறந்தா வீடு இடிஞ்சிடும்ங்கிற மாதிரி.

தங்கை: எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

அக்கா: உங்கிட்டயா! வாழ்நாள் பூரா உனக்குக் கொடுத்த கை... எந்த வாயால சொல்லுவேன்? தலைவிப் பதவியையாவது விட்டுடலாம்னா, ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி. போன மாசம் சங்கத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தேன் பாரு, அது என் மோதிரம்டி. நீங்கள்லாம் குடிச்சீங்க.

தங்கை: நான் ரெண்டு கப் குடிச்சேன்.

அக்கா: சிரிப்பு மூட்டாத.

தங்கை: அதான் என்னை முன்னாடி நிக்கச் சொன்னியா?

அக்கா: வேற யாரு நின்னாலும் பெட்டி அவங்க வீட்டுக்குப் போயிடும். நீ நின்னா... நான் முன்னாடி கொடுத்துட்டு... இருட்டினப்புறம் உன் வீட்டுப் பின்பக்கம் வந்து... பாதி... இல்ல, பாதி வேணாம். கொஞ்சம் அரிசி, கொஞ்சம் எண்ணெய். சின்னவன் ரெண்டு நாளா வெறும் கஞ்சியைப் பார்த்து, "நாம விரதமா இருக்கோமா அம்மா"ங்கிறான். ஆமான்னுட்டேன். கிறிஸ்மஸ் வருதுல்ல, அதுக்காகன்னேன்.

தங்கை: நல்லவேளை, பக்தியில முடிச்ச.

அக்கா: திட்டுடி. நல்லாத் திட்டு. தங்கச்சியை ஏழையா நிறுத்தி வச்சு வயித்தைக் கழுவப் பார்த்தவ நான்.

தங்கை: திட்டணும்னா நாளைக்கு ராத்திரி பின்பக்கம் வருவல்ல, அப்ப திட்டிக்கிறேன். பையைக் கொண்டுவராத, எங்க வீட்டுல இருக்கு. அரிசியில பாதி உனக்கு. எண்ணெய் டின்னை அப்படியே தூக்கிட்டுப் போ, அந்தப் பேரை மட்டும் கிழிச்சுடு.

அக்கா: அப்ப... நிக்கிறியா? எனக்காகவா?

தங்கை: உனக்காக இல்ல.

அக்கா: பின்ன?

தங்கை: புதன்கிழமையே போதகர் வீட்டுக்குப் போயி, "வேற யாரும் கிடைக்கலன்னா என் பேரைப் போட்டுக்கோங்க"ன்னு நானே சொல்லிட்டேன்க்கா... வீட்டுல மாவு தீர்ந்து மூணு நாளாச்சு. உன் கையால வாங்கணுமேங்கிற ஒண்ணுதான் உறுத்துச்சு, அதான் காலையிலிருந்து இந்த வாய். ஒண்ணு மட்டும் செய்... நாளைக்குப் பெட்டியைக் கொடுக்கும்போது நீ அழுதுடாத. ரெண்டு பேர்ல யாரு ஏழைன்னு சபைக்குத் தெரிஞ்சிடும்.