நொட்டாங்கை வெட்டு

மலையைக் குடைந்து திருப்பிவிட்ட தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த வருஷம் அது. கோடையில் நடந்தே கடந்த ஆற்றுக்கு அப்போதுதான் பரிசல் வேண்டியதாயிற்று. உத்தமபாளையம் சந்தைக்குப் போகும்போது என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் நெற்றியில் பொட்டில்லை.

“மூணு நாளா எங்க வீட்டுக்காரருதான் மடை தொறக்குறாக, மதினி” என்றாள்.

மூத்தவள் திரும்பினாள். “என்ன பேசுற? அணைக்கட்டு வேலைக்குப் போயி, காய்ச்சல்ல செத்து, மலையிலயே பொதைச்சுட்டாகளே!”

“அவுகள முழுங்குன தண்ணி என் வயல்ல ஏறக் கூடாதுன்னு நான் மடைய அடைச்சேன். நாத்து காஞ்சாக் காயட்டும்னு இருந்தேன். விடிஞ்சு போனா மடை வெட்டிக் கெடக்கு. வயல் பூராத் தண்ணி.”

“எவனாச்சும் வெட்டியிருப்பான்.”

“அது நொட்டாங்கை வெட்டு மதினி. ஊருல இடக்கைக்காரரு அவுக ஒருத்தருதான? பிள்ளைக பட்டினி கெடக்கக் கூடாதுன்னு வாராகளோ என்னமோ.”

“மம்பட்டிய ஒளிச்சு வையி.”

“நேத்து தலமாட்டுல வச்சு, கதவுக்குத் தாப்பாப் போட்டுத்தான் படுத்தேன். காலையில தொட்டுப் பாத்தா மம்பட்டிப் பிடி ஈரமா இருக்கு.”

கரை வந்ததும் மூத்தவள் முதலில் இறங்கி, இளையவளைத் தாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். வலது கையில் கூடை இருந்ததால் இளையவள் இடது கையைக் கொடுத்தாள். உள்ளங்கை முழுக்கப் புதுக் கொப்புளங்கள்.

மூத்தவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.