சுஷ்மிதா உடுப்பு மாத்துற நேரம்

ஹலோ... ஹலோ, நிறோஜி? நான் ஹரிப்பிரியா... ஓம், ஓம், பிரெஞ்சு வகுப்பிலதான் நிக்கிறன்... இல்லையடி, இன்னும் முடியேல்லை. இடையில எழும்பி வந்திட்டன், படிக்கட்டில நிண்டு கதைக்கிறன்... உனக்கென்ன இப்பிடி மூச்சு வாங்குது?... ஆடிக்கொண்டோ இருந்தனீ? சலங்கையோடயோ?... சொக்ஸ் போட்டுக்கொண்டோ!... கீழ்வீட்டு மனுசன் இண்டைக்கும் தும்புத்தடியால மேல இடிச்சவரோ?... தாளம் பிசகாமலோ?... ஐயோ, சிரிப்புக் காட்டாதை. நான் சிரிக்கிற நிலையில இல்லை.

ஒண்டும் நடக்கேல்லை... சனிக்கிழமை நிகழ்ச்சியைப் பற்றித்தான்... இல்லையில்லை, நிகழ்ச்சி நிக்கேல்லை. மண்டபம் எல்லாம் சரி. லாச்சப்பல்ல எங்கடை தமிழ்க் கடையள் முழுக்க நோட்டீஸ் ஒட்டியாச்சு... நீயும் பாத்தனியோ?... ஓம், உன்ரை பேர் நடுவில... அம்மாவுக்கும் படம் எடுத்து அனுப்பினனியோ... அவ ஊரெல்லாம் காட்டித் திரியிறாவோ... ஓ... ஓம், இஞ்சை வந்த பிறகு நீ முதல் முதல் மேடை ஏறுறாய், சந்தோசமாத்தானே இருக்கும்...

நிறோஜி, நான் ஒண்டு சொல்லோணும். முடியிற வரைக்கும் குறுக்க கதைக்காதை... ஓம், இரு.

இண்டைக்கு எங்கடை ரீச்சர், மதாம் செசில், வகுப்பில ஒரு படம் போட்டவ. பழைய ஹொலிவூட் படம், கறுப்பு வெள்ளை... கீழ பிரெஞ்சில எழுத்து ஓடும், நாங்கள் வாசிச்சுப் பழகோணுமாம்... ஓம், அரைவாசி விளங்காதுதான். ஆனா இது நல்லா விளங்கிச்சுது. ரெண்டு ஆட்டக்காரியள். ஒருத்தி வந்து இடுப்பை ஒருக்கா ஆட்டினாக் காணும், சனம் விசிலடிக்கும். மற்றவள் முறையாப் பழகினவள். கையை நீட்டினா விரல்நுனி வரைக்கும் ஆட்டம் இருக்கும்... ஓம், உன்னை மாதிரி. அதுக்குத்தான் வாறன்.

அவையள் ஆடுற கொட்டகைக்காரன் என்ன செய்யிறான் எண்டா, முதலாமாள் உள்ள போய் உடுப்பு மாத்துற நேரம் மேடை சும்மா கிடக்கக்கூடாது எண்டு மற்றவளை ஆட விடுறான். அவள் ஆட ஆடச் சனம் கூவுது, நீ போ, அவளை வரவிடு எண்டு. அவளுக்கெண்டா ஏன் எண்டு விளங்கேல்லை. தனக்கும் ஒரு இடம் கிடைச்சிட்டுது எண்டு நினைச்சு, பாவம், தலையெல்லாம் வடிவா இழுத்து வந்து நிக்கிறாள்...

நிறோஜி?... நிக்கிறியோ?

ஓம்... ஓம். அதுதான்... சுஷ்மிதா சனிக்கிழமை ஆடுறது ரெண்டு சினிமாப் பாட்டுக்கு. முதலாவதுக்கு அரைச்சாறி, ரெண்டாவதுக்கு வேற மினுக்கு உடுப்பு... ஓம். அந்த இடைவெளிக்குத்தான் உன்னை... தவரத்தினம் அண்ணைதானே நிகழ்ச்சி நடத்துறவர், அவர்தான் கேட்டவர். சனம் எழும்பித் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கப் போனாத் திரும்பி வராது, இடையில ஆரையாவது விடு பிள்ளை எண்டு... இல்லை. உன்ரை பேரை அவர் சொல்லேல்லை. நான்தான் போட்டனான்... நான்தான்... ஒழுங்கு போடுறது என்ரை வேலையெல்லோ. கலர் கலராக் கீறி, எல்லாம் ஓட்டை இல்லாமல் பொருந்தினதும் சந்தோசப்பட்டனான்...

அப்ப எனக்குப் பிழையாத் தெரியேல்லை... இல்லை. கொஞ்சம் தெரிஞ்சது. தெரிஞ்சபடியாத்தான் உன்னட்டை வேற மாதிரிச் சொன்னனான்... ஓம், நடுவில ஆடுறதுதான் மரியாதை எண்டு. அது என்ரை கதைதான்... நீ ஆடுற வர்ணத்தைச் சுருக்கச் சொன்னதும் அதுக்குத்தான். சனத்துக்கு விளங்காது எண்டு சொன்னது பொய். அவள் உடுப்பு மாத்துற அளவுக்குப் பாத்துத்தான் உன்ரை சீடியில பாட்டை வெட்டினனான்... ஓம், உன்னை நினைச்சு வெட்டேல்லை.

அழாதை... அழேல்லையோ?

வுய், மதாம்... வுய், வுய், பார்தோன், வாறன்... உன்னையில்லையடி, மதாம் செசில் கதவைத் திறந்து எட்டிப் பாக்கிறா...

படத்திலயோ? அவள் கடைசியில என்ன செய்தவள் எண்டு தெரியாது. சனம் கூவத் தொடங்கினதும் நான் எழும்பி வந்திட்டன்.

எடி, சுஷ்மிதாவைத் திட்டாதை! அவளுக்கு ஒண்டும் தெரியாது. நிறோஜி அக்கா ஆடேக்க நான் மேடைக்குப் பக்கத்தில நிண்டு பாக்கோணும் எண்டு கேட்டவள். நான்தான், நீ ஓடிப்போய் உடுப்பை மாத்து எண்டு கலைச்சனான்... ஓம். அவளிட்டை அப்பிடித்தான் சொன்னனான்.

கேள், நான் ஒழுங்கை மாத்துறன். உன்னை முதல்ல விடுறன்... வேண்டாமோ? அப்ப கடைசியா?... அதே இடமோ?... முழு வர்ணமோ! நிறோஜி, நீ முழுசா ஆடினா சுஷ்மிதா உடுப்பு மாத்தி, பூவும் வைச்சு, சும்மா நிண்டு பாத்துக்கொண்டெல்லோ... ஓம்... ஓம், அவள் ஆசைப்பட்டதுதானே... சனம் கூவினா?... கூவட்டுமோ... நீ அதுக்குள்ளயும் ஆடுவியோ... ம்...

ஓம், சீடி போடுறது நான்தான். வெட்டாத சீடி என்னட்டைக் கிடக்கு... நிப்பாட்டமாட்டன்... தவரத்தினம் அண்ணை வந்து கத்தினாலும் நிப்பாட்டமாட்டன்... நான் பயந்தவள்தான், தெரியும். கை ரெண்டையும் மடியில வைச்சுக்கொண்டு இருப்பன்... அண்ணைக்கும் நானே சொல்லுறன். வகுப்பு விட்ட உடனை... சரி, சரி. வகுப்பு விட முன்னம். நீ போனை வைச்சதும் அவருக்கு எடுக்கிறன்.

என்னோட கோவமோ?... ஓம்... ஓம், கேக்கக்கூடாது. விளங்குது...

என்ன?... என்ன கேட்டனீ?... இண்டைக்கு இந்தப் படத்தைப் பாக்காட்டி உன்னட்டைச் சொல்லியிருப்பனோ எண்டோ?

...

இல்லை.

...

சொல்லியிருக்கமாட்டன், நிறோஜி... சனிக்கிழமை நீ ஆடி முடிஞ்சு உள்ள வர, தண்ணிப் போத்தலைத் தந்து, நல்லா இருந்தது எண்டு சொல்லியிருப்பன்.

ஹலோ?... ஹலோ?