ஐந்தாவது செட்டில் நான் எழுந்திருக்கவில்லை

முதன்முறையாக ஒரு பெரிய கோப்பையை ஜெயிக்கிறவனின் முகம் எனக்குப் பிடிக்கும். ஏற்கெனவே பல முறை ஜெயித்தவன் சிரிப்பான், கேமராவைப் பார்த்துக் கை ஆட்டுவான், மனசு அடுத்த போட்டிக்குப் போயிருக்கும். முதல் முறைக்காரன் அப்படி இல்லை. ஒருவன் மல்லாந்து விழுவான். ஒருவன் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். சிலர் ஆட்டம் முடிந்துவிட்டது என்று யாராவது வந்து சொல்லட்டும் என்பதுபோல் எல்லைக்கோட்டருகே நின்றுகொண்டே இருப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் டென்னிஸ் பார்க்க ஆரம்பித்தேன், ஐயா.

வியாசர்பாடியில் டென்னிஸ் பார்க்கிறவன் அநேகமாக நான் ஒருவன்தான். எங்கள் பக்கம் கேரம், கால்பந்து, பாக்ஸிங். நானும் கேரம் ஆடியவன். மாநிலப் போட்டியில் இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றேன். என்னை ஜெயித்தவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்தான். நான் திருவொற்றியூரில் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டுகிறேன். குறையாகச் சொல்லவில்லை. அந்த டென்னிஸ்கார நெட்டையன்மேல் உனக்கு ஏன் இவ்வளவு பைத்தியம் என்று கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

நெட்டையன் என்று பெயர் வைத்தது கம்பெனியில் என்னோடு வேலை செய்த டில்லிபாபு. என் கைப்பேசியில் அவன் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, கொடிக்கம்பம் கணக்கா கீறான்" என்றான். ஐரோப்பாவில் எங்கோ ஒரு இரும்புக்கடைக்காரரின் மகன் என்று படித்திருந்தேன். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் அப்படிப்பட்ட கடைக்காரர்களை தினமும் பார்க்கிறோம். அவர்கள் வீட்டுப் பிள்ளைபோல் இருந்தான்.

அவன் மூன்று முறை பெரிய போட்டிகளின் இறுதி ஆட்டத்துக்கு வந்து மூன்று முறையும் தோற்றான். முதல் முறை இரண்டு செட் முன்னிலையில் இருந்தபோது சிலிண்டர்காரர் கதவைத் தட்டினார்; எழுந்து போனேன். திரும்பி வந்தபோது ஆட்டம் கை மாறியிருந்தது. அடுத்த முறை தண்ணீர் லாரி. மூன்றாம் முறை யார் கூப்பிட்டும் எழவில்லை. கடைசியில் கால் மரத்துப்போய் ஒரு நிமிடம் எழுந்து நின்றேன், அந்த நிமிடத்தில் அவன் இரண்டு டபுள் ஃபால்ட் போட்டுப் பாயின்ட்களைத் தானாகவே விட்டான்.

கிரிக்கெட் பார்க்கிற எந்த வீட்டிலும் இது உண்டு. ஆள் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போது யாரையும் இடம் மாற விடமாட்டார்கள். அதைச் சிரித்துக்கொண்டே செய்வார்கள். நான் சிரிக்கவில்லை, அவ்வளவுதான். என் மனைவி பூவம்மா ஒருநாள் கேட்டாள்: "நீ குந்திகினு இருந்தா அவன் ஜெயிச்சிடுவானா? அவனுக்கு இன்னா நீ கொலசாமியா?" நான் கைப்பேசியின் சத்தத்தைக் கூட்டினேன். பதில் சொல்லியிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்த ஜனவரியில் அவன் நான்காம் முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரேலியாவில் ஆட்டம், நமக்குப் பிற்பகல். எனக்கு வேலைநாள். கம்பெனியில் நானும் டில்லிபாபுவும் மட்டும். அவன் நெட்டுக்குப்பத்துக்காரன். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீன்பாடு குறைந்த பிறகு, வலையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்தவன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. அவன் மனைவி கீர்த்தி கொடுத்தனுப்பிய நண்டுக் குழம்பில் பாதி அன்றைக்கும் எனக்குத்தான் வந்தது.

"இன்னிக்காவது ஜெயிப்பானா, இல்ல வயக்கம்போல ஊத்திக்குவானா?" என்றான்.

"வாயைக் கழுவுடா."

"கோச்சிக்காத மாமு. ஜெயிச்சான்னா பிரியாணி என் செலவு. தோத்தான்னா நீ அயுதுகினு வூட்டுக்குப் போ, பூவம்மாக்கா கதவே தொறக்காது."

சிரித்துக்கொண்டே ஐஸ் தொட்டி இருக்கும் கூடத்துக்குள் போனான். கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. ஐஸ் ஏற்றுகிற பெரிய கதவை ஞாயிறு பிற்பகலில் வெளியே பூட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவன் வெளியே வர என் அறை ஒன்றுதான் வழி.

ஐந்தாவது செட் முடியும் தறுவாயில் அம்மோனியா வாடை வந்தது. கூடத்தில் எந்த வால்வு என்றுகூட எனக்குத் தெரியும். பொங்கலுக்கு முன்பிருந்தே கசிந்துகொண்டிருந்தது. கம்ப்ரசரை நிறுத்தி, பிரதான வால்வை மூட வேண்டும். இரண்டும் எதிர்ச் சுவரில் இருக்கின்றன. அதற்கு எழுந்து போக வேண்டும்.

நான் மேசையில் இருந்த தண்ணீரில் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டேன். எச்சரிக்கை மணி அடித்தது. அதை நிறுத்தும் பொத்தான் மேசையிலேயே இருக்கிறது, நிறுத்தினேன். வெளியே ஒருவரும் ஓடிவரவில்லை. எங்கள் பகுதியில் வாடை வந்தால் யாரும் ஓடுவதில்லை, ஐயா. இன்றைக்கு எந்தக் கம்பெனி என்று பேசிக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார்கள்.

கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. டில்லிபாபு முதலில் சாதாரணமாகத்தான் தட்டினான்.

"மாமு, எங்கியோ லீக் ஆவுது. கதவத் தொற."

நெட்டையன் அப்போது ஐந்துக்கு நான்கு என்று முன்னிலையில் இருந்தான். இந்த ஒரு கேமை எடுத்தால் கோப்பை. இதுவரை ஜெயிக்காதவனுக்கு உலகத்திலேயே கடினமான கேம் அதுதான். சர்வ் போட மேலே தூக்குகிற பந்து தலைக்குப் பின்னால் போகும். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் குழந்தைபோல் ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று தோன்றும்.

"வெளாட்டு காட்டாத மாமு. கண்ணு எரியுது."

நான் விளையாட்டுக்குச் செய்கிறேன் என்று அவன் நினைத்தான். வேறு எதையும் நினைக்க அவனுக்குக் காரணம் இல்லை.

ஒரு பாயின்ட் எடுத்தால் ஆட்டம் முடியும் என்ற நிலை வந்தது. சரியாக அப்போது டில்லிபாபு உள்ளேயிருந்து என் கைப்பேசிக்கு அழைத்தான். படம் நின்றுவிட்டது. அழைப்பைத் துண்டித்துப் பார்த்தால் அந்தப் பாயின்ட் போயிருந்தது. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனுக்கு ஆட்டம் தெரியாது. மறுபடி அழைப்பு வராதபடி அவன் எண்ணைத் தடை செய்தேன்.

பிறகு தட்டுவது கீழிருந்து கேட்டது. உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது. இருமலுக்கு நடுவே பேசினான். என்னை அவனுக்கு நன்றாகத் தெரியும், நான் எதற்காக எழாமல் இருக்கிறேன் என்று அதற்குள் புரிந்துகொண்டான்.

"அவன் ஜெயிச்சிடுவான் மாமு. நான் சொல்றேன்ல. நீ எய்ந்தாலும் ஜெயிச்சிடுவான். தொறந்து வுடு மாமு."

அது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. டில்லிபாபு அதுவரை ஒருநாளும் நெட்டையன் ஜெயிப்பான் என்று சொன்னதில்லை.

நெட்டையன் ஜெயித்தான். மல்லாந்து விழவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அவை யாருடையவை என்பதுபோல. அப்படி ஒருவரும் செய்து நான் பார்த்ததில்லை. அழுதேன். பிறகு எழுந்து கம்ப்ரசரை நிறுத்தினேன், வால்வை மூடினேன், கதவைத் திறந்தேன். டில்லிபாபு என் கால்மேல் சரிந்தான். சட்டையைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் நனைத்து முகத்தில் சுற்றியிருந்தான். ஆம்புலன்ஸுக்கு அழைத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் வருகிற ஆட்டம் அரை நிமிடம் பிந்தித்தான் வரும் என்று உங்கள் உதவி ஆய்வாளர் சொன்னார். டில்லிபாபு கடைசியாகத் தட்டியபோது ஆஸ்திரேலியாவில் எல்லாம் முடிந்திருக்கும் என்றார். இருக்கலாம். எனக்கு இன்னும் முடியவில்லை.

டில்லிபாபுவை அடக்கம் செய்துவிட்டு வந்த கீர்த்தி ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, அது தட்னது உனுக்குக் கேக்கலையா?" இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

எழ முடியாத நிலையில் இருந்தேன் என்று முதல்நாள் உங்களிடம் சொன்னேன். அப்படியானால் தாழ்ப்பாளைப் போட்டது யார் என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான்தான் போட்டேன். வாடை வந்த உடனே, உட்கார்ந்தபடி இடது கையை நீட்டிப் போட்டேன். டில்லிபாபு உள்ளே இருப்பது தெரிந்துதான் போட்டேன். அவன் ஓடிவந்தால் தனியாக வெளியே போகமாட்டான், என்னையும் நாற்காலியிலிருந்து இழுத்துக்கொண்டுதான் போவான். அவன் சுபாவம் அது. திறக்கவும் நான் எழ வேண்டியிருக்கவில்லை. அவன் கடைசியாகத் தட்டியபோது என் கை தாழ்ப்பாள் வரை போனது, ஐயா. அதற்குள் நெட்டையன் பந்தை மேலே தூக்கிப் போட்டுவிட்டான்.