பரங்கிமலைப் படியில் இரண்டு அம்மாக்கள்

சரோஜாதேவி: இன்னாக்கா, அதுக்குள்ள உக்காந்துட்டே?

தங்கபுஷ்பம்: மூச்சு வாங்குது சரோஜா. நீயும் இப்படி உக்காரு...

சரோஜாதேவி: உக்காந்தா? உம் பொண்ணு சீதாவும் எம் புள்ள மாணிக்கமும் மேல கீறாங்கன்னுதானே தேடிக்கினு வந்தோம்?

தங்கபுஷ்பம்: எங்க போயிருவாக? கீழ நம்ம வீட்டுக்காரக ரெண்டு பேரும் படிக்கு ஆளுக்கொரு பக்கமா காவல் நிக்காகளே.

சரோஜாதேவி: மொறைச்சிக்கினு!

தங்கபுஷ்பம்: "சாதி விட்டுச் சாதியா"ன்னு இவுக குதிக்க...

சரோஜாதேவி: "காலை ஒடைப்பேன்"னு எங்காளு... வுடு. எதிர்வூட்ல இத்தினி வருசமா கீறோம். நாம உக்காந்து பேசறது இன்னிக்கித்தான்.

தங்கபுஷ்பம்: ம்... அந்தா, நீலமா... அது கடலா?

சரோஜாதேவி: பின்ன? வெள்ளையா ஊசி மாதிரி தெரியுதே, அது சாந்தோம் கோயிலு. தனியா ஒசந்து நிக்கறது எல்.ஐ.சி.

தங்கபுஷ்பம்: நம்ம மாம்பலம்?

சரோஜாதேவி: அதோ... மரத்துக்குள்ள முழுகிக் கெடக்குது.

தங்கபுஷ்பம்: இம்புட்டுத்தானா? அங்க இருக்கையில எம்புட்டுப் பெருசாத் தெரியுது... அந்தச் சண்டை, சத்தம்... இங்க ஒண்ணுமே கேக்கலையே.

சரோஜாதேவி: ஏரோப்ளேன் எறங்குது பாரு! நம்ம காலுக்குக் கீழ போற மாதிரி...

தங்கபுஷ்பம்: கண்ண மூடினா நானும் மிதக்கேன்...

சரோஜாதேவி: மூடிக்கோக்கா... இன்னா அவசரம்?

தங்கபுஷ்பம்: அவசரம் இல்லியா? இப்பத்தான பறந்தே!

சரோஜாதேவி: அது... சும்மா. வா, ஏறலாம்.

தங்கபுஷ்பம்: மெதுவா... மெதுவா...

சரோஜாதேவி: உச்சிக்கே வந்துட்டோம். யாரையும் காணோமே.

தங்கபுஷ்பம்: மாதா கோயிலுக்குப் பின்னால பாத்தியா?

சரோஜாதேவி: ஒரு ஆடு கீது.

தங்கபுஷ்பம்: சரி... இந்த மர நிழல்ல இருந்துகிட்டே தேடுவோம்.

சரோஜாதேவி: நெழல்ல குந்திக்கினே தேடறதா! ஏன்க்கா, நீ பதறவே மாட்டேன்றியே?

தங்கபுஷ்பம்: நீ மட்டும் பதறுதியாக்கும்?

சரோஜாதேவி: ...யக்கா.

தங்கபுஷ்பம்: சொல்லு.

சரோஜாதேவி: ரெண்டு பேரும் மலையில கீறாங்கன்னு உன் வூட்டுக்காரருக்கும் எங்காளுக்கும் ஆள் வுட்டுச் சொன்னதே நான்தான். புள்ளைங்க இந்நேரம் சைதாப்பேட்டை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல... ஆம்பளைங்க வூட்ல இருந்தா வுடுவாங்களா? திட்டறதுன்னா திட்டிக்கோ.

தங்கபுஷ்பம்: என்னத்தத் திட்ட? மத்தியானம் அவுக சாப்பிட்டுக் கண்ணசந்த நேரம் பாத்து, என் கல்யாணப் பட்டுச் சேலைய சீதாவுக்கு உடுத்திவிட்டு, பின்வாசல் கதவத் தொறந்துவிட்டதே நாந்தானே...