சிவப்புப் பட்டன் இருந்த இடம்

டூல்பாரில் ஒரு பட்டனை இடம் மாற்றுவது சோறு வடிப்பதைவிடச் சுலபம் சார். மேலே இருக்கும் பட்டையில் வலது கிளிக் செய்தால் 'கஸ்டமைஸ்' என்று வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டிய பட்டனைப் பிடித்து இழுத்து, வேண்டிய இடத்தில் விட வேண்டியதுதான். பட்டனின் படத்தையும் மாற்றலாம். பலருக்கு இது தெரியாது. கம்பெனிக்காரன் வைத்தது வைத்தபடியே இருக்கும் என்று நம்பிக் காலம் தள்ளுகிறார்கள்.

கொல்லிமலையில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். மலைமேல் நர்ஸ் விமலா மட்டும்தான். டாக்டர் கீழே சேந்தமங்கலத்தில் இருப்பார். நோயாளியின் விவரத்தை நாங்கள் அனுப்பினால் பார்த்து மருந்து சொல்வார். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்புப் பட்டன். அதை அமுக்கினால் அவர் மேஜையில் மணி அடிக்கும், ஆம்புலன்ஸ் மலையேறும்.

எனக்கு உதவியாகப் பொன்னாயியைப் போட்டார்கள். இதே மலையில் பைல் நாடு என்கிற பகுதிப் பெண், மரவள்ளி போடுகிற குடும்பம். மவுஸைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிப்பாள். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டாலே அவளுக்கு வியர்த்துவிடும். வேறு யாராவது என்றால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நான் அவளுக்காக டூல்பாரையே மாற்றி அமைத்தேன். தேவையில்லாத பட்டன்களை இழுத்து வெளியே போட்டேன். சாதாரண நோயாளியின் விவரத்தை அனுப்பும் பச்சை நடுவில், சிவப்பு வலது கோடியில். "எழுத்தப் பாக்காத கண்ணு, எடத்தப் பாரு" என்று சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாளில் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியான பட்டனை அமுக்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடப் பிறந்தவள் மாதிரிதான் வைத்திருந்தேன். பேளுக்குறிச்சி சந்தைக்குப் போனால் அவளும் எனக்குச் சேர்த்துத்தான் வாங்கி வருவாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அவள் ஜன்னலோரம் நின்று மேனேஜர் முருகானந்தத்திடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். "ஸ்டெல்லாக்கா இங்க இனி வேண்டாங்க சார். நானே பாத்துக்கறேனுங்க. அக்காகிட்ட இப்பச் சொல்லிராதீங்க." நான் கேட்டது அவ்வளவுதான். ஒருத்திக்கு அது போதாதா?

உள்ளே வந்தவள் "சாப்புட்டீங்களாக்கா?" என்று சிரித்தாள். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். கடாவாவது நேருக்கு நேர் பாயும், இவள் சாப்பாடு விசாரித்துக்கொண்டே பாய்கிறாள். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட எனக்கு வராது.

அவள் வீட்டுக்குப் போன பிறகு 'கஸ்டமைஸ்' திறந்தேன். விவரத்தை அனுப்பாமல் எங்கள் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைக்கும் பட்டன் ஒன்று உண்டு. அதற்குச் சிவப்புப் படத்தை மாட்டி, வலது கோடிக்கு இழுத்து விட்டேன். உண்மையான சிவப்பை எடுத்துவிட்டேன். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் இல்லாமல் அவளால் முடியாது என்று முருகானந்தத்துக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். சிவப்பை எப்போது அமுக்குவார்கள் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும் சார். பச்சையில் தப்பு நடந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறிய காளியண்ணன் விழுந்துவிட்டார் என்று அவர் மனைவி கவிதாவும் பங்காளிகளும் தூக்கி வந்தார்கள். நல்ல நினைவோடு இருந்தார். வயிறு மட்டும் கல்லாக இருக்கிறது என்றார். விமலா தொட்டுப் பார்த்துவிட்டு, "பொன்னாயி, சிவப்பு" என்று கத்தினாள். பொன்னாயி அவர் முகத்தைப் பார்த்தபடியே அமுக்கினாள். "வண்டி வந்துருமுங்கண்ணா, பயப்படாதீங்க" என்றாள். நான் எதிர் மேஜையில்தான் இருந்தேன்.

சிவப்பு அமுக்கினால் டாக்டர் உடனே கூப்பிடுவார். அன்று கூப்பிடவில்லை. பொன்னாயி என்னிடம் வந்தாள்.

"ஏனுங்கக்கா, டாக்டரு கூப்புடவே இல்லீங்களே. போன் போட்டுக் கேக்கட்டுங்களா?"

"டாக்டரும் வண்டியிலயே வர்றாரு போல. கொண்டை ஊசி வளைவுல சிக்னல் கெடைக்காது கண்ணு. நீதான் அமுக்கிட்டியே, அப்புறம் என்ன?"

நம்பிப் போய்விட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்து கேட்டாள். நானும் அதையே சொன்னேன். விமலாவிடமும் அவள் அதையே சொல்லியிருக்க வேண்டும். காளியண்ணன் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு கேட்கவில்லை. கவிதா அலறியதும் எல்லோரும் உள்ளே ஓடினார்கள். பட்டன்களைப் பழைய இடத்தில் இழுத்துவிட எனக்கு அந்த நேரம் போதுமாக இருந்தது.

"எழுத்தப் பாக்காம எதையோ அமுக்கிப்போட்டேனுங்கக்கா" என்று பொன்னாயி என் மடியில் விழுந்து அழுதாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அமுக்கியது யார் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். டூல்பாரை அமைத்தது யார் என்று நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள். நான்தான் சார்.

அவள் முருகானந்தத்திடம் கேட்டது என்னைக் கீழே மாற்றச் சொல்லித்தான் என்கிறீர்கள். மலைக்குளிர் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஊருக்குப் போகணும் என்று தினமும் புலம்புகிறார், ஆர்டர் கையில் வந்ததும் சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்றாளாம். இருக்கலாம். நான் புலம்பியது உண்மைதான். ஆனால் அவ்வளவு செய்த என்னை அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? எனக்குத் தெரியாமல் செய்த நல்லதும் துரோகம்தான் சார். இதுவரை அவள் வந்து ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கேட்டால் மன்னித்துவிடுவேன். மனசில் எதையும் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.