விழுங்கும் பொத்தான்

வீடியோ கேம் ஆடுகிற மலிவான கேம்பேடின் போர்டில் ஈயம் அவ்வளவு லேசில் ஒட்டாது, மேடம். பொத்தான் தொடுகிற இடத்தில் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கும். எவ்வளவு உருக்கி வைத்தாலும் அதன்மேல் உருண்டு ஓடிவிடும். பக்கத்தில் போகிற பச்சைக் கோட்டை பிளேடால் மெல்லச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் ஒயரைப் பற்றவைக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், எனக்கு அது உண்டு. கணபதி ஏரியாவில் பம்ப்செட் கண்ட்ரோலர் செய்கிற கம்பெனியில் எனக்கு இதே மாதிரி வேலைதான்.

ஸ்டேஷனில் உங்கள் மேசைமேல் இருக்கிற இந்த மரப்பெட்டியை நான்தான் செய்தேன். சண்டை விளையாட்டு ஆடுகிறவர்கள் இதை ஆர்கேட் ஸ்டிக் என்பார்கள். இடது கைக்குக் குமிழ் வைத்த கம்பி, வலது கைக்குப் பெரிய வட்டப் பொத்தான்கள். ஒரு சாதாரண கேம்பேடைப் பிரித்து அதன் போர்டை உள்ளே வைத்து ஒயர் இழுத்தால் வெளிநாட்டுப் பெட்டி செய்கிற வேலையை இதுவும் செய்யும். என் மனைவி பூஜிதாவுக்காகச் செய்தது.

அவளுக்கு நான் முதலில் செய்துகொடுத்த பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அதை வைத்துத்தான் பெங்களூர்ப் போட்டியில் ஜெயித்தாள். மேடையில் நின்று கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அங்கே ஒரு டீமில் அவளைக் கூப்பிட்டார்கள். அங்கேயே தங்கி ஆட வேண்டும். "லீவு கெடைக்கறப்பெல்லாம் வந்துபோட்டுப் போறனுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று கேட்கவில்லை. போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குப் பயம் வந்தது, மேடம்.

பெங்களூருக்குக் கொண்டுபோகப் புதுப் பெட்டி செய்து தருகிறேன் என்றேன். அதுதான் இது.

இதில் ஒரு பொத்தானின் ஒயருக்கும் போர்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு சில்லு வைத்தேன். எப்போதாவது ஓர் அழுத்தத்தை அது போர்டுக்குப் போகவிடாமல் விழுங்கிவிடும். போகப் போகக் கொஞ்சம் அடிக்கடி விழுங்கும். பக்கத்தில் காந்தம் இருந்தால் மட்டும் சும்மா இருக்கும். காந்தம் என் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. அவள் ஆடினால் பொத்தான் தவறும். நான் மடியில் வைத்து அழுத்திப் பார்த்தால் ஒன்றுகூடத் தவறாது.

ஆட்டம் கொஞ்சம் மங்கினால் போகமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் அம்மா வெங்கடலட்சுமி அத்தையை அப்போது மறந்திருந்தேன் என்று சொல்லலாம். சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் மறக்கவில்லை.

அத்தைக்கு முதலில் கையிலிருந்து கரண்டி நழுவியது. பிறகு கைகால் தாமாக ஆடத் தொடங்கின. வெள்ளகோவில் வீட்டில் கட்டிலோடு கிடந்து, கடைசியில் பெற்ற மகளையே யாரென்று கேட்டார். அந்த நோய் பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பூஜிதா பார்க்கவில்லை. தெரிந்துகொண்டு எப்படி வாழ்வது என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆடிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, நா அமுத்தறனுங்க. அமுத்தற மாதிரிதான் தெரியுது. ஆனா விரலு கேக்க மாட்டீங்குது."

பெட்டியை வாங்கி மடியில் வைத்துப் பொத்தான்களை அழுத்திக் காட்டினேன். எல்லாம் வேலை செய்தன. அவள் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன்.

"பொட்டி நல்லாத்தான் இருக்குது, கண்ணு" என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மீதியை அவளுடைய பயம் பார்த்துக்கொண்டது.

ஸ்கூட்டியை எடுப்பதை நிறுத்தினாள். அரிவாள்மனை பக்கம் போகவில்லை. தட்டு ஒன்று விழுந்து உடைந்த பிறகு கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தது. மேசைமேல் தன் கையை வைத்து, அது பாம்போ என்னவோ என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருப்பாள். பெங்களூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் தலை வாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன். அந்த மாதங்களில் எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. டாக்டர், இது வெறும் பயமாகவும் இருக்கலாம், ரத்தம் பார்த்துவிடுவோம் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாமென்று தோன்றினால் வேண்டாம் என்றேன். ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாதல்லவா.

ஆவணியில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று.

எனக்கு மகிழ்ச்சி. அவள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவேயில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசினாள். "எங்கம்மாவ நா பாத்த மாதிரி, அது என்னையப் பாக்கோணுங்களா? நாளைக்கு அதுக்கும் கை ஆடுச்சுன்னா, யாருங்க பதில் சொல்றது?"

கலைத்துவிடலாம் என்ற முடிவு அவளுடையது. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், பையைத் தூக்கிக்கொண்டேன். அவளை உள்ளே அழைத்துப்போன பிறகும் வராண்டாவில் அந்தக் கதவு சிறிது நேரம் திறந்தே இருந்தது. எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யோசித்தேன், மேடம். யோசிக்காமல் இல்லை. சொன்னால் குழந்தை இருக்கும், அவள் என்னோடு இருக்கமாட்டாள். கதவைச் சாத்தினார்கள். திரும்பி வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லீனா நா என்ன ஆயிருப்பனுங்க" என்றாள்.

அப்புறம் இந்தப் பெட்டியைப் பார்க்கவே பிடிக்காமல், யாராவது ஆடட்டும் என்று உக்கடத்தில் கேம் மெஷின் ரிப்பேர் பார்க்கிற அப்துல் மஜீதிடம் கொடுத்துவிட்டாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். அவர் கம்பியை மாற்றுவதற்குப் பின்பலகையைத் திறந்திருக்கிறார். அழுத்தத்தை விழுங்குவதற்கென்றே யாரோ உள்ளே ஒரு சில்லை வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் போன் செய்து சொன்னார். அவள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தனியாகப் போய் ரத்தம் கொடுத்தாள். நோய் இல்லை. அவள் உடம்பில் அது எப்போதும் இருந்ததில்லை.

நேற்று மாலை பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தப்பவும் இது உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியும்" என்றேன்.

அதற்கப்புறம் அவள் என்னைப் பார்த்த பார்வைக்குத்தான் நான் இன்னும் பயந்துகொண்டிருக்கிறேன். உங்களுக்கோ கோர்ட்டுக்கோ இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். சில்லை வைத்தது நான். காந்தத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, பெட்டியில் குறையில்லை என்றது நான். அந்தக் குழந்தை போனதும் என்னால்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் அவளுக்கு நான் கெடுதல் நினைத்ததாக மட்டும் எழுதாதீர்கள், அது உண்மையில்லை.

பக்கத்து அறையில் அவள் புகார் எழுதுவதாகச் சொன்னீர்கள். கடைசியில் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். அவளால் தனியாக முடியாது, கை நடுங்கும். என்னை ஒரு நிமிடம் உள்ளே விடுங்கள், மேடம். நான் பிடித்துக்கொள்கிறேன்.